அண்ணாந்து குடித்த அமரோனே

என் அண்ணன் பொன்னம்பலம் என்னைக் குடிகாரி என்று சொன்னபோது அவருடைய கையில் விஸ்கிக் கிளாஸ் இருந்தது. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். இடையில் சொன்னால், வாய்க்காரி கை கால் வைத்துச் சொல்கிறாள் என்று நினைப்பீர்கள். கை கால் ஒன்றும் வைக்கவில்லை. கிளாஸ் இருந்தது, அதற்குள் ஐஸ் கிடந்தது, பக்கத்துத் தட்டில் அவருடைய மனைவி, என் மச்சாள், பொரித்துக் கொடுத்த இறால் இருந்தது.

நான் கமலாம்பிகை. அது தொண்ணூற்றாறாம் ஆண்டு. நானும் என் கணவர் ராகுலனும் கனடாவில், பார்க்டேலில் ஒரு அப்பார்ட்மென்றில் இருந்தோம். செயின்ற் கிளேர் வீதியில் வேரோனிக்கா என்ற இத்தாலிக்காரி நடத்திய ரெஸ்ரோரன்றில் எனக்கு வேலை. வேலை என்றால் குசினியில். ஆறு வருடமாக இறால் உரித்தேன், கீரை கழுவினேன், கணவாய் துப்புரவாக்கினேன். அந்தக் குசினிக்கு ஜன்னல் கிடையாது. பேச்சுத்துணைக்கு இருந்தது பாத்திரம் கழுவுகிற மெஷின் மட்டும்தான். அதுவும் நான் வாயைத் திறந்தால் இரைச்சல் போடும். வாயுள்ள ஒருத்தியை இத்தனை காலம் அப்படிப் பூட்டி வைத்தால் விசர் பிடிக்காதா? எனக்குப் பாதி பிடித்துவிட்டது. கதவு ஆடித் திறக்கிற நேரமெல்லாம் வெளியே மேசைகளும் சிரிக்கிற ஆட்களும் தெரிவார்கள். அடுத்த கணம் கதவு மூடிக்கொள்ளும்.

அந்த வருடம் இலையெல்லாம் கொட்டுகிற நேரம், சேர்விங் செய்த பெண் ஒருத்தி வேலையை விட்டுப் போனாள். வேரோனிக்கா குசினிக்குள் வந்து, "கமலா, நீ வெளியே வருகிறாயா?" என்று கேட்டாள். வேலையால் நிற்பாட்டப் போகிறாளாக்கும் என்று நினைத்தேன்.

"மேசைகளுக்கு," என்றாள். "உன் குரல் சுவரைத் தாண்டி எனக்குக் கேட்கிறது. அதை இறாலுக்கு வீணாக்க விருப்பமில்லை."

சந்தோசத்தில் ஏப்ரனை அப்போதே கழற்றிவிட்டேன். ஆனால் வேரோனிக்காவிடம் ஒரு சட்டம் இருந்தது. மேசைக்குக் கொண்டுபோகிற எதையும் கொண்டுபோகிறவள் ருசி பார்த்திருக்க வேண்டும். அந்தக் கடையில் பேர்போனது அமரோனே என்கிற சிவப்பு வைன். வேரோனிக்காவின் ஊர்ப்பக்கத்தில் செய்வது. அதை அறியாதவள் அங்கே மேசைப்பக்கம் தலை காட்ட முடியாது.

"நான் குடிக்கிறதில்லை," என்றேன்.

"குடிக்கச் சொல்லவில்லை. ருசி பார்க்கச் சொல்கிறேன். விழுங்க விருப்பமில்லை என்றால் துப்பு," என்று ஒரு சின்ன வாளியைக் காட்டினாள்.

வீட்டில் ராகுலனிடம் சொன்னேன். அவருக்குப் பாண் சுடுகிற ஃபக்டரியில் வேலை. நல்ல மனுசன். எந்தச் சண்டைக்குள்ளும் ஒரு ஒழுங்கையைக் கண்டுபிடித்து அதற்குள்ளால் நழுவிப் போய்விடுவார்.

"துப்பலாமெண்டு அவ சொல்லுறா எல்லே? அப்ப துப்பிப்போட்டு வாருமன். வயித்துக்குள்ள போகாட்டி அது குடியில்லை," என்றார்.

செவ்வாய்க்கிழமை, கடை திறக்க முன்னர், சேர்விங் ஆட்கள் எல்லோரும் வட்டமாக நின்றோம். நான் புது வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். வேரோனிக்கா ஒரே ஒரு கிளாஸில் வைனை ஊற்றினாள். எல்லோருக்கும் அந்த ஒன்றுதான். ஒரே கிளாஸில் ருசித்தால்தான் எல்லோரும் ஒன்றைப் பற்றியே பேசுவோம் என்பது அவள் தகப்பன் வைத்த பழக்கமாம். ஒருவன் வாய் வைத்துக் குடித்தான். அடுத்தவள் வாய் வைத்தாள். அதற்கடுத்தவளின் லிப்ஸ்ரிக் விளிம்பில் ஒட்டிக்கொண்டு என்னிடம் வந்தது.

சிவ சிவா! வைனுக்கு நான் மனதைத் திடப்படுத்திக்கொண்டுதான் போயிருந்தேன். எச்சிலுக்குத் திடப்படுத்தவில்லை. அடுத்தவர் வாய் வைத்த பாத்திரத்தில் நான் பிறந்ததிலிருந்து வாய் வைத்ததில்லை. எங்கள் ஆட்கள் செம்பில் தண்ணீர் குடிப்பது எப்படியோ, அப்படியே செய்தேன். அண்ணாந்து, வாயைத் திறந்து, கிளாஸை உயர்த்திப் பிடித்து ஊற்றினேன்.

வைன் கிளாஸின் விளிம்பு உள்பக்கமாக வளைந்திருக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை. முதலில் ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் சரித்தேன். பிறகு எல்லாம் ஒரேயடியாக வந்தது. பாதி வாய்க்குள், மிச்சம் மூக்குக்குள்ளும் கழுத்தால் வழிந்து சட்டைக்குள்ளும். இருமி இருமிக் கண்ணால் நீர் கொட்டியது. வாயில் கிடந்ததை வாளிக்குள் துப்பினேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அதுதான் கூடுதலாகச் சுட்டது. பிறகு வேரோனிக்கா சிரித்தாள், எல்லோரும் சிரித்தார்கள், மூக்கைத் துடைத்துக்கொண்டு நானும் சிரித்தேன்.

ஏன் அப்படிக் குடித்தாய் என்று கேட்டாள். எச்சில் கதையைச் சொன்னேன். அவள் கேலி பண்ணவில்லை. "அடுத்த செவ்வாய் உனக்குத் தனிக் கிளாஸ். இன்றைக்கு வீட்டுக்குப் போ," என்றாள்.

கோட்டைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு டஃப்ரின் பஸ்ஸில் ஏறினேன். கறையைக் கோட்டு மறைத்தது. மணத்துக்கு என்ன செய்கிறது? பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீற்றில் எங்கள் கட்டிடத்து கிளடிஸ் அக்கா. மூக்கைச் சுருக்கினார். என்னைப் பார்த்தார். மறுபடி மூக்கைச் சுருக்கினார்.

"என்ன பிள்ளை, ஒரு மாதிரி மணக்குது?"

"வேலையில வைன் ஊத்துப்பட்டுட்டுது அக்கா."

"சட்டையில ஊத்துப்பட்டது வாயில என்னண்டு பிள்ளை மணக்கும்?"

நான் ஜன்னலால் வெளியே பார்த்தேன். அதற்குப் பிறகு கிளடிஸ் அக்கா ஒரு சொல்லும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தால் பேசுவதற்கு ஆளைத் தேடுகிறார் என்று அர்த்தம். நான் குளித்துவிட்டு வர ரெலிபோன் அடித்தது. அஜக்ஸிலிருந்து அண்ணன். பார்க்டேல் எங்கே, அஜக்ஸ் எங்கே! நான் தலை துவட்டி முடிக்க முன்னரே கதை நகரத்தைத் தாண்டிப் போய்ச் சேர்ந்திருந்தது.

"எடியே, குடிவெறியில பஸ்ஸில வந்தியாம்?"

நடந்ததைச் சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை. "அடுத்த கிழமை ஞாயிறு எல்லாரும் வீட்டை வருகினம். நீயும் வா. அந்தக் குடி வேலையை விட்டிட்டன் எண்டு சொல்லிக்கொண்டு வா. இல்லாட்டி என்ர வீட்டுப் படி மிதிக்காதை."

அண்ணனை நீங்கள் வில்லன் என்று நினைக்கக் கூடாது. எங்கள் குடும்பத்தில் முதலில் கனடாவுக்கு வந்தவர் அவர். பார்க்டேலில் அவர் எடுத்த ஒற்றை அறையில்தான் நாங்கள் ஒவ்வொருவராக வந்து இறங்கினோம். எங்களுக்குக் கட்டிலை விட்டுவிட்டு அவர் குசினித் தரையில் படுத்தார். நான் போட்ட முதல் குளிர்கோட்டு அவருடையது, முழங்காலுக்குக் கீழே தொங்கும். இந்த நாட்டில் எனக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இருந்தால் அது அவருடைய வீடுதான். அந்த வீட்டுக் கதவைத்தான் மூடுவேன் என்றார். நான் அழுதேன். அழுதுகொண்டே சட்டையை உப்புப் போட்டு ஊறவைத்தேன். கறை போகவில்லை. அதைத் தேய்க்கத் தேய்க்கத்தான் எனக்குக் கோபம் வந்தது. அண்ணன் வீட்டு பேஸ்மென்றில் ஞாயிறு தவறாமல் எத்தனை பேர் குடித்துச் சிவந்த கண்ணோடு 401 ஹைவேயில் கார் ஓட்டிக்கொண்டு போகிறார்கள்! அவர்களுடைய மணம் ஒருத்தருக்கும் மணக்கவில்லையா?

அடுத்த செவ்வாய் எனக்குத் தனிக் கிளாஸ் தந்தாள் வேரோனிக்கா. "அவசரப்படாதே. முதலில் மூக்கால் பார்," என்றாள். காய்ந்த பழத்தின் மணம் வந்தது. திராட்சை வற்றல், அதற்குள்ளே கொஞ்சம் புகையிலை.

"வற்றல்தான்," என்றாள். அவர்கள் ஊரில் இந்தப் பழத்தைப் பறித்தவுடன் பிழிவதில்லையாம். தட்டுகளில் பரப்பி, குளிர்காலம் முழுக்கக் காற்றில் வாட விடுவார்களாம். வாடிச் சுருங்கிய பிறகுதான் பிழிவார்களாம். முன்னர் அதை இனிப்பு வைனாகத்தான் செய்து வந்தார்கள். ஒரு முறை ஒரு பீப்பாயை மறந்துபோய் விட்டார்கள். அது தன்பாட்டில் புளித்துப் புளித்துத் தன் இனிப்பையெல்லாம் தானே தின்று முடித்துவிட்டது. திறந்தவர்கள் இது பழுதாகிப் போய்விட்டது, கொட்டு என்றார்கள். ஒருவன் மட்டும் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, இது பழுதில்லை என்றான்.

"என் அப்பா சொன்ன கதை. உண்மையோ பொய்யோ, எனக்குப் பிடிக்கும்," என்றாள்.

எனக்கும் பிடித்தது. இனிப்பாகக் கிட என்று அடைத்து வைத்தார்கள், அது மாட்டேன் என்றது. கெட்டிக்காரி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு கிளாஸில் வாய் வைத்தேன்.

முதலில் துவர்ப்பு. பச்சை வாழைக்காயைக் கடித்தால் நாக்கை இழுக்குமே, அதேதான். பிறகு தொண்டைப் பக்கமாக ஒரு சூடு. கடைசியில் கசப்பு. பெயரே பெரிய கசப்பு என்றுதானாம். அதற்கு நான் பயப்படுகிறதா? பாகற்காயைத் தேடி வாங்கிச் சமைத்துத் தின்கிறவள் நான்! அந்தக் கசப்பு நாக்கில் நிற்க நிற்க எனக்கு நன்றாக இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

வாளி காலடியில் இருந்தது. துப்பினால் எல்லாம் சரி. துப்பினால் ராகுலனின் ஒழுங்கையால் நானும் நழுவிப் போய்விடலாம். அண்ணனின் நினைவு வந்தது, அந்தப் பெரிய கோட்டின் நினைவு வந்தது. நான் விழுங்கினேன்.

"மேசையில் கேட்டால் என்ன சொல்வாய்?" என்றாள் வேரோனிக்கா.

"முதலில் நாக்கைப் பிடித்து இழுக்கும், பயப்படாதீர்கள் என்று சொல்வேன். பிறகு சூடாகும், பிறகு கசக்கும், அந்தக் கசப்புக்காக இன்னொரு வாய் குடிப்பீர்கள் என்று சொல்வேன்."

வேரோனிக்கா என் தோளில் தட்டினாள். "வருகிற கிழமை சனிக்கிழமை தொடங்கு. ஜன்னலோர மேசைகள் உனக்கு."

ஜன்னல்! கேட்டீர்களா? ஜன்னலோர மேசைகள்.

புதிதாக மேசைக்கு வருகிறவர்களுக்கு ஒரு போத்தல் கொடுப்பது அவள் வழக்கம். எனக்கும் தந்தாள், கூடவே தக்கை திருகியும். "முதல் போத்தலை உன் வீட்டு மேசையில் திற. யார் கேட்கிறாரோ அவருக்கு முதலில் ஒரு வாய் மட்டும் ஊற்று. அவர் சரி என்று சொன்ன பிறகே மேலே ஊற்ற வேண்டும். கேட்காதவருக்கு ஊற்றாதே," என்றாள்.

ஞாயிறு மத்தியானம் ராகுலன் கார் ஓட்டினார். போத்தலைத் துவாயில் சுற்றிப் பைக்குள் வைத்து மடியில் வைத்திருந்தேன். வழி முழுக்க அவர் சொன்னது ஒன்றுதான். "நான் கதைக்கிறன். நீர் வாயைத் திறவாதையும்."

அண்ணனின் வீடு புத்தம் புதிது. சுற்றிவர மரங்கூட வளரவில்லை. மேலே குசினியில் மச்சாள் மனோரஞ்சிதம் நின்று இறால் பொரித்துக்கொண்டிருந்தார். காலையில் கோப்பிக் கடையில் வேலை, பின்னேரம் ஒரு தையல் ஃபக்டரியில் வேலை, ஞாயிறு என்றால் பேஸ்மென்றுக்குப் பொரியல். அதிகம் பேசாத மனுசி. என்னைக் கண்டதும் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டு எண்ணெயைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

பேஸ்மென்றில் அண்ணன் தன் கையாலேயே ஒரு பார் மேசை கட்டியிருந்தார். அவரும் அவருடைய கூட்டாளி கனகசிங்கமும் இன்னும் சிலரும் இருந்தார்கள். கனகசிங்கம் கோயில் கமிற்றிக்காரர். விபூதி வேர்வையில் கரைந்து வழிந்துகொண்டிருந்தது.

"வேலையை விட்டிட்டியோ?" என்று அண்ணன் கேட்டார்.

"இல்லை அண்ணை. வாற சனி சேர்விங் துவங்கிறன்."

"குடிகாரியளுக்கு இந்த வீட்டில இடமில்லை."

"உங்கட கையில என்ன அண்ணை, மோரோ?"

யாரோ ஒருவர் இருமினார். அண்ணனுக்கு முகம் கறுத்துவிட்டது. "ஆம்பிளையள் குடிக்கிறதும் நீ குடிக்கிறதும் ஒண்டோ?"

"ஒண்டில்லைத்தான். நீங்கள் வெறிக்கக் குடிக்கிறியள். நான் விளங்கிறதுக்குக் குடிச்சனான்."

ராகுலன் நடுவில் பாய்ந்தார். "அத்தான், அத்தான், கொஞ்சம் பொறுங்கோ. அவ விழுங்கிறேல்லை. துப்புறவ. அங்கை அதுக்கெண்டு வாளி வைச்சிருக்கினம். வாயை நனைச்சுப்போட்டுத் துப்புறது, அவ்வளவுதான்."

"அட, துப்புறதோ!" என்றார் கனகசிங்கம். "அப்பிடியெண்டாப் பிரச்சினை இல்லையே பொன்னம்பலம். வேலைக்காகத்தானே."

அண்ணனின் முகம் இளகியதை நான் பார்த்தேன். அவருக்கும் என்னைத் துரத்த விருப்பமில்லை. குரலும் இறங்கிவிட்டது. "சொல்லு கமலி. துப்பினனி தானே?"

ஓம் என்று தலையாட்டினால் போதும். வேலையும் இருக்கும், அண்ணனும் இருப்பார். முழுப் பொய்யும் இல்லை, முதல் கிழமை துப்பினேன்தானே. வாய் ஓம் என்று சொல்லத் திறந்தும்விட்டது. ஆனால் அதைச் சொன்னால் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் இந்த வீட்டுக்குத் துப்புகிறவளாகத்தான் நான் வர வேண்டும். துப்பினியோ என்று யாரும் கேட்டால் துப்பினேன் என்று தலையைக் குனிய வேண்டும். என்ன செய்தேன் என்று குனிய? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"முதல் கிழமை துப்பினன் அண்ணை. மூக்கால ஏறினபடியால் துப்பினன். போன செவ்வாய் விழுங்கினன். நல்லாயிருந்தது. இனியும் விழுங்குவன்."

ராகுலன் தலையில் கை வைத்தார். அண்ணன் கிளாஸைப் பாரில் குத்தி வைத்தார். "அப்ப போ. இனி இந்தப் படி மிதிக்காதை."

என் கண் கலங்கியது. அதை நான் துடைக்கவில்லை. பையிலிருந்து போத்தலை எடுத்து அவருடைய விஸ்கிப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தேன். "போறன். ஆனா இதை வீட்டு மேசையில திறக்கச் சொல்லித் தந்தவை. நீங்கள் என்னை இஞ்சை கூப்பிட்ட நாளிலயிருந்து எனக்கு வீட்டு மேசையெண்டால் உங்கட மேசைதான். திறந்துபோட்டுப் போறன்."

தக்கையைத் திருகினேன். அது வெளியே வந்த சத்தம் அந்தப் பேஸ்மென்ற் முழுக்கக் கேட்டது.

"கேக்கிற ஆளுக்குத்தான் ஊத்தலாம். ஆர் கேக்கிறியள்?"

கனகசிங்கம் மேற்கூரையைப் பார்த்தார். ராகுலன் கார்ப்பெற்றைப் பார்த்தார்.

"நான் கேக்கிறன்."

படியில் மச்சாள் நின்றார், கையில் இறால் தட்டோடு. எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

"மனோ, நீ மேல போ!" என்று அண்ணன் கத்தினார்.

மச்சாள் இறங்கி வந்து தட்டை அவருக்கு முன்னால் வைத்தார். "கத்தாதையுங்கோ. எத்தினை வருசமா உங்களுக்கு இதைப் பொரிச்சுக் கொண்டுவந்து தாறன். ஒரு நாளெண்டாலும் குடிச்சதைத் துப்புங்கோ எண்டு கேட்டனானோ?" என் பக்கத்தில் வந்து நின்றார். "படி, படி எண்டு சொல்லுறியள். உந்தப் படிக்கு நானும்தான் மோற்கேஜ் கட்டுறன். கமலி வருவா. நான் கூப்பிடுவன்."

அண்ணன் இறால் தட்டைத் தள்ளி வைத்தார்.

விஸ்கிக்குக் கலக்கத் தண்ணீர் வைத்திருந்த சில்வர் ரம்ளரை மச்சாள் எடுத்தார். தண்ணீரை ஐஸ் வாளிக்குள் ஊற்றிவிட்டு என்னிடம் நீட்டினார். வேரோனிக்கா சொல்லித்தந்தபடி நான் ஒரு வாய் மட்டும் ஊற்றினேன். மச்சாள் அண்ணாந்தார். ரம்ளர் உதட்டில் படவில்லை. வைன் நேராக வாய்க்குள் இறங்கியது. சேலையில் ஒரு துளி சிந்தவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"துவர்க்குது," என்றார். கொஞ்சம் பொறுத்து, "கசக்குது," என்றார்.

நாங்கள் எல்லோரும் அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அண்ணனும்தான்.

"பழுதில்லை," என்றார் மச்சாள். ரம்ளரை மறுபடி நீட்டினார். "இன்னும் விடு."